கலைக்கென ஒரு மூலை

வீடு கட்டுவோர் வரைபடத்திலே வரவேற்பறைக்கு இடம் ஒதுக்குகின்றனர். சுவாமி அறைக்கு இடம் ஒதுக்குகின்றனர். மோட்டார் வண்டி நிற்பதற்கும் ஒரு கொட்டகை அமைக்கின்றனர். அவ்வீட்டில் வளரப்போகும் சிறுமி சித்திரம் வரைபவளாயின் எங்கிருந்து வரைவாள் என்று கேட்போர் மிகச் சிலரே.

அவள் சாப்பாட்டு மேசையில் வரைகின்றாள். இரவுச் சாப்பாட்டு வேளை நெருங்கியதும், "பிள்ளை, உந்தச் சாமான்களை எடம்மா, அப்பா சாப்பிட வேணும்" என்று குசினியிலிருந்து குரல் எழுகின்றது. வர்ணம் காயாத படம் அலுமாரியின் மேல் ஏறுகின்றது. தூரிகைகள் ஓரிடத்திலும் வர்ணப் பெட்டி வேறோரிடத்திலும் மறைகின்றன. மறுநாள் அனைத்தையும் தேடி விரிப்பதற்குள் அரைமணி நேரம் கழிந்துவிடுகின்றது. மூன்றாம் நாள் அவள் விரிப்பதேயில்லை. "தொடக்கத்தில் நன்றாகத்தான் வரைந்தாள், பிறகு ஆர்வம் போய்விட்டது" என்று பெற்றோர் கூறுகின்றனர். ஆர்வம் தானாகப் போகவில்லை. நாள்தோறும் எடுத்து வைக்கப்பட்டே போயிற்று.

சிறுவர்க்கு மட்டுமன்றி இல்லத்தரசிகளுக்கும் இது பொருந்தும். தையல், பத்திக், பூவேலை, பொம்மை செய்தல் ஆகியவற்றிலே கைதேர்ந்த பெண்கள் நம்மிடையே பலர். வீடு முழுவதும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கின்றது. ஆயினும் அவ்வீட்டில் அவர்களுக்கென்று ஒரு முழ இடமும் இருப்பதில்லை. ஆங்கில எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃப், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டுமென்று 1929ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் வாதிட்டார். நம்மிற் பலருக்கு முழு அறை எட்டாததாயிருக்கலாம். ஆனால் ஒரு மூலை எட்டாததன்று. கலைக்கு முதலில் வேண்டுவது பெரிய கூடமன்று. பாதியில் நிற்கும் வேலையை நின்றபடியே விட்டுச் செல்லக்கூடிய இடமே.

படுக்கையறையில் ஓர் உலகம்

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் வாழ்ந்த ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1890ஆம் ஆண்டு பிறந்த அவர் மணம் செய்யாது, தம் தாயாருடனும் மூன்று சகோதரிகளுடனும் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அவருடைய படுக்கையறையே அவருடைய சித்திரசாலை. ஒரு சிறு கட்டில், சில மேசைகள், தட்டுகளில் போத்தல்கள், குவளைகள், தகரப் பேணிகள், முற்றத்தை நோக்கிய யன்னல் ஆகியவையே அங்கிருந்தன. அப்போத்தல்களையும் பேணிகளையுமே அவர் வாழ்நாள் முழுதும் மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தார். அவற்றின் மேற் படிந்த தூசியையும் துடைக்காது விட்டார். எப்பொருள் எங்கு நின்றதென்பதை மேசை மேலிருந்த கடுதாசியிற் கோடிட்டு வைத்தார். 1957ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசு அவருக்கே கிடைத்தது. 1964இல் அவர் மறைந்தார். அவருடைய மேசையை நாள்தோறும் யாரேனும் ஒழுங்குபடுத்தியிருப்பின் அவ்வமைதியான படங்கள் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

இடத்தைத் தெரிவு செய்தல்

வீட்டில் எந்த மூலையை எடுப்பது? ஆட்கள் ஓயாது நடமாடும் வழியில் இருத்தலாகாது. குசினிக்கு அருகேயும் வேண்டாம். எண்ணெய்ப் புகை கடுதாசியிற் படியும். விறாந்தையின் ஒரு கோடி, மாடிப்படியின் கீழ்ப்பாகம், படுக்கையறை யன்னலின் ஓரம் ஆகியவை ஏற்றவை. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மேசை நிற்குமாயின் அதுவே போதும்.

கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் வாழ்வோருக்கு அதுவும் கடினமே. அவர்கள் பழைய உடுப்பு அலுமாரி ஒன்றைப் பயன்படுத்தலாம். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகையை உறுதியாகப் பொருத்துக. அதன் மேல் வேலை. மேலும் கீழும் சாமான்கள். விருந்தினர் வரும்போது கதவைச் சாத்தினாற் போதும். திறந்ததும் தூரிகை விட்ட இடத்திலேயே கிடக்கும். மேசை வைத்திருப்போர் பழைய படுக்கைவிரிப்பொன்றால் அதனை மூடலாம். மூடி வைத்தல் வேறு. எடுத்து வைத்தல் வேறு. இந்த வேறுபாட்டை வீட்டார் உணர்ந்துகொண்டால் பாதிக் காரியம் முடிந்துவிடும்.

ஒளி

சித்திரசாலைக்கு வடக்கு யன்னலே உகந்ததென்று மேலைநாட்டு நூல்கள் கூறும். அந்நாடுகளிலே சூரியன் தென்புறமாகவே செல்வதால், வடக்கு யன்னலினூடாக நாள் முழுவதும் மாறாத மென்மையான ஒளி வரும். நம் தீவில் இவ்விதி முழுமையாகப் பொருந்தாது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத முற்பாதியிலே சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, வடபுறம் செல்கின்றது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் மீண்டும் தென்புறம் திரும்புகின்றது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு யன்னலிலும் நேர்வெயில் விழக்கூடும். ஆகவே, இங்கே திசையிலும் முக்கியமானது நிழல். நீண்ட தாழ்வாரமுள்ள யன்னல், கிழக்காயினும் வடக்காயினும் நன்றே. வெயில் நேரே விழுமாயின் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாக இடுக. வர்ணத் திரை வேண்டாம். சிவப்புத் திரையினூடாக வரும் ஒளியிற் பச்சையும் பழுப்பாகத் தோன்றும். சுவருக்கும் வெள்ளை அல்லது வெளிறிய சாம்பல் நிறமே ஏற்றது.

வலக்கையால் வரைபவருக்கு ஒளி இடப்புறமிருந்தும், இடக்கைக்காரருக்கு வலப்புறமிருந்தும் வர வேண்டும். அன்றேல் கையின் நிழல் கோட்டின் மேல் விழும். இரவில் வேலை செய்வோர் எல்.ஈ.டி. மின்குமிழ் வாங்கும்போது அதன் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 5000 கெல்வின் என்று குறிக்கப்பட்டது பகலொளியை ஒத்திருக்கும். நிறத்தை மெய்யாகக் காட்டும் அளவெண் 90க்கு மேற்பட்டிருத்தல் நன்று. மஞ்சள் விளக்கில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரிவதன் காரணம் இதுவே.

மேசையும் சாமான்களும்

இருந்து வேலை செய்யும் மேசை 28 முதல் 30 அங்குல உயரம் இருக்கலாம். சிறுவர்க்கு அளவுகோல் வேண்டாம். பிள்ளை நிமிர்ந்திருக்கும்போது முழங்கை எந்த உயரத்தில் நிற்கின்றதோ அதுவே மேசையின் உயரம். கால்கள் தரையைத் தொடாவிடில் கீழே ஒரு பலகையை வைக்க. சித்திரப் பலகையின் பின்விளிம்பின் கீழ் இரண்டு செங்கற்களை வைத்தால் அது சரிந்து நிற்கும், கழுத்து வளையாது.

சாமான்களை அடுக்குவதற்கு ஒரே விதி போதும்: நாள்தோறும் எடுப்பது கையெட்டும் தூரத்தில், கிழமைக்கொருமுறை எடுப்பது எழுந்து எடுக்குமிடத்தில், எப்போதேனும் எடுப்பது உச்சித் தட்டில். இதற்குக் கடைச் சாமான்கள் வேண்டியதில்லை. பால்மாப் பேணி தூரிகைகளை நிமிர்த்தி வைக்க உதவும். ஜாம் போத்தலின் உள்ளிருப்பது வெளியே தெரியும். வடபுலத்துப் பனையோலைப் பெட்டிகள் நூலுக்கும் துணித்துண்டுக்கும் மிக ஏற்றவை; காற்றுப் புகுவதால் உள்ளே புழுக்கம் தங்காது. சாக்குத் துணி போர்த்திய பலகையொன்றைச் சுவரில் மாட்டினால், மாதிரிப் படங்களையும் எண்ணக் குறிப்புகளையும் ஊசியாற் குத்தி வைக்கலாம்.

தூரிகைகளை நீரில் நிற்க விடலாகாது, மயிர் வளைந்துவிடும். சவர்க்காரமிட்டுக் கழுவி, முனையை விரலாற் கூராக்கி, ஈரம் காயும்வரை படுக்க வைத்து, காய்ந்தபின் மயிர் மேல்நோக்க நிறுத்துக. ஈரத்தோடு நிறுத்தினால் நீர் இறங்கித் தகரப் பூணை அரிக்கும். பிடியும் கழன்று போகும்.

ஈரலிப்பும் கறையானும்

நம் நாட்டிற் கலைப்பொருளின் முதற் பகை மழைக்காலமே. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 70ஐத் தாண்டி நிலைக்குமாயின் கடுதாசியிற் பூஞ்சணம் பிடிக்கும். கடுதாசியை வெளிச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. இரண்டு மூன்று அங்குல இடைவெளி விடுக. பெரிய தாள்களைச் சுருட்டாது, இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கிடையில் வைத்து நாடாவாற் கட்டிக் கட்டிலின் கீழ் உயரமான கட்டைகளின் மேல் கிடத்தலாம். தடித்த வர்ணம் பூசிய படத்தைச் சுருட்டினால் வெடிப்புக் காணும். மழை ஓய்ந்த நாட்களில் அனைத்தையும் நிழலிற் காற்றாட விரிப்பது நன்று.

கறையான் நிலத்திலிருந்து மண் குழாய் கட்டி ஏறுவது. அலுமாரியை வாரமொருமுறை அசைத்துப் பின்புறம் பார்த்தால் அதன் வரவு தெரிந்துவிடும். அலுமாரிக் கால்களின் கீழ்ச் சிறு கிண்ணங்கள் வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவற்றில் நீர் விடலாகாது, எண்ணெயே விடுக. தேங்கிய நீரிலே டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாட்களுக்குள் பெருகிவிடும். தூரிகை கழுவிய நீரை மறந்து மேசை மேல் விட்டாலும் இதே கதைதான்.

அவதானம் வேண்டும்

பிள்ளைகளுள்ள வீட்டிற் சில கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. டேர்பன்டைன் தைலத்தையோ சாயத்தையோ மென்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்கலாகாது. தாகமுற்ற குழந்தை எடுத்துக் குடித்துவிடும். எண்ணெய் வர்ணத்தோடு பயன்படும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், தீக்குச்சியின்றித் தாமே சூடேறித் தீப்பற்றும். அவற்றை வெளியே தனித்தனியாக விரித்து உலர விடுக. அல்லது நீர் நிறைந்த பேணியிலிட்டு இறுக மூடுக.

பத்திக் வேலை செய்வோர் மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்காது, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். மெழுகு தீப்பற்றினால் நீரை ஊற்றலாகாது; தீ சிதறிப் பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுக. சாயம் கலந்த பாத்திரம் மீண்டும் குசினிக்குத் திரும்பலாகாது.

முடிந்த படங்கள்

முடித்த வேலையையும் மதித்தல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதுக. மை ஊறி மறுபுறம் தோன்றும். கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டிலுள்ள உறவினருக்கும் அனுப்பி வைக்க. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய மக்கள் கையில் ஏந்தக்கூடியவற்றையே ஏந்திச் சென்றனர். சுவரிலிருந்த படங்களைக் கழற்ற எவருக்கும் நேரமிருக்கவில்லை. வெள்ளமும் தீயும் அறிவித்துவிட்டு வருவதில்லை. ஒரு பிரதியேனும் வேறிடத்தில் இருத்தல் ஆறுதலாகும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மேசை வந்து, விளக்கு வந்து, பெட்டிகளும் அடுக்கப்பட்ட பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. அதனைக் கடையில் வாங்க இயலாது. அம்மூலையிலுள்ளதை வேறெவரும் தொடுவதில்லை என்று குடும்பத்தார் உடன்படுவதே அது. துப்புரவு செய்யும் நல்லெண்ணத்தோடு கூட்டி அள்ளிய துண்டுக் கடுதாசியிலே ஒருநாள் முழுதும் தேடிய நிறம் இருந்திருக்கலாம். அழுக்கென்று நமக்குத் தோன்றுவது வரைபவளுக்கு இடையில் நிற்கும் எண்ணம். மூலைக்குரியவரும் தம் கடமையை மறத்தலாகாது: உணவுத் துணுக்கும் தேங்கிய நீரும் அங்கே இருத்தல் கூடாது; தரையைக் கிழமைக்கொருமுறை தாமே கூட்ட வேண்டும். இவ்வுடன்படிக்கையில் இரு பாலாரும் கைச்சாத்திட்டது போன்று நடந்தால் வீட்டில் பூசலும் எழாது.

பிள்ளையின் சித்திரத்துக்குப் பரிசு கிடைத்தால் வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு நம்மவர் தயங்குவதில்லை. அப்படத்தை வரைவதற்கான இடத்தை அதற்கு முன்னரே அளிப்பதுதான் மெய்யான ஊக்கம். வரும் விடுமுறையிலே வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்த மூலையில் பழைய பத்திரிகைகளும் உடைந்த கதிரையும் சும்மா கிடக்கின்றன என்று கண்டுகொள்ளுங்கள். அவற்றுக்கு இத்தனை காலம் கொடுத்த இடத்தை உங்கள் பிள்ளைக்கோ மனைவிக்கோ தாய்க்கோ கொடுத்துப் பாருங்கள்.