கணினிக் கட்டளையும் அதன் கொடிகளும்



கணினியைக் கையாள்வோருட் பெரும்பாலோர் இன்று திரையிலே தோன்றும் படங்களைத் தொட்டே தம் கருமத்தை முடித்துக்கொள்கின்றனர். ஆயினும் நிரல் எழுதுவோரும் பெருங் கணினிகளைப் பராமரிப்போரும் விசைப்பலகையில் எழுத்தாற் கட்டளையிட்டு வேலை வாங்கும் முறையை இன்னும் கைவிட்டாரல்லர். அக்கட்டளைகளோடு, ஒரு சிறு கிடைக்கோட்டை முன்னே தாங்கிச் சில எழுத்துக்கள் வருவதுண்டு. அவற்றைக் கொடிகள் என்பர். அவற்றின் இயல்பைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த ஒரு தவறே இதனைக் கற்குமாறு என்னைத் தூண்டியது. அங்குள்ள கணினி லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே தொழிற்படுவது. முதலாந் தவணைப் புள்ளிகளைக் கொண்ட கோப்புக்கள் ஓர் அடைவிலும், இரண்டாந் தவணைக்குரியவை வேறோர் அடைவிலும் இருந்தன. இரண்டுக்கும் பெயர்கள் ஒன்றே. இளம் ஆசிரியர் ஒருவர், இவையெல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று கருதி, பிரதி செய்தற்குரிய 'சி.பி.' என்னும் கட்டளையை இட்டார். கணினி ஒரு கேள்வியும் கேளாது பணிந்தது. முதலாந் தவணைப் புள்ளிகள் அழிந்தன. அவற்றின் இடத்தில் இரண்டாந் தவணைப் புள்ளிகள் அமர்ந்தன. கைப் பதிவேடுகளைப் பார்த்து யாவற்றையும் மீண்டும் பதிய மூன்று நாட்கள் சென்றன.

கட்டளையின் பின்னே ஒரு கோடும், 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும் இட்டிருந்தால், 'இப்பெயரில் முன்னரே ஒரு கோப்பு உண்டு, அதன்மேல் எழுதலாமா?' என்று கணினி ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கும். ஓர் எழுத்தின் குறையே மூன்று நாள் உழைப்பாயிற்று.

இலக்கணம் கற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். கட்டளை என்பது ஏவல் வினை. கோப்பின் பெயர் செயப்படுபொருள். கொடியோ வினையடை போன்றது. 'எழுது' என்பதற்கும் 'திருத்தமாக எழுது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொடி உண்டாக்குகின்றது. 'எல்.எஸ்.' என்னும் கட்டளை அடைவிலுள்ள கோப்புக்களின் பெயர்களைக் காட்டும். 'எல்' என்னும் கொடியைச் சேர்த்தால் அளவு, திகதி முதலிய விபரங்களையும் காட்டும். 'ஏ' என்னும் கொடியைச் சேர்த்தால் மறைவாயுள்ள கோப்புக்களையும் காட்டும். இரண்டையும் ஒரே கோட்டின்பின் சேர்த்தெழுதுதலும் ஏற்புடையதே.

இக்கொடிகள் ஓரெழுத்தாய்ச் சுருங்கியமைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ஸன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969ஆம் ஆண்டளவில் யூனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அவர்கள் பயன்படுத்திய தொலையச்சுப் பொறி வினாடிக்கு 10 எழுத்துக்களையே அச்சிடவல்லது. ஆதலின் சொற்சுருக்கம் தேவையாயிற்று. 1971 நவம்பரில் வெளிவந்த முதற் கைந்நூலில் 'எல்.எஸ்.' கட்டளைக்கு ஐந்து கொடிகளே இருந்தன. இன்று லினக்ஸில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை உள. எழுத்துக்களும் போதவில்லை, நினைவும் போதவில்லை. எனவே, 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த 'க்னூ' திட்டத்தின் கருவிகளில், இரு கோடுகளை முன்னிட்டு முழுச்சொல்லையே கொடியாக எழுதும் வழக்கம் பரவியது.

ஓர் எழுத்து எல்லாக் கட்டளைகளிலும் ஒரே பொருள் தரும் என்று எண்ணுதல் கூடாது. பிரதி செய்யும் கட்டளையில் 'முன்னே கேள்' என்று பொருள்படும் அதே 'ஐ', சொற்களைத் தேடும் 'கிறெப்' என்னும் கட்டளையில், 'பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராதே' என்று பொருள்படும்.

இனி, கருவியை ஆக்குவோர் செய்யவேண்டியது யாது? கட்டளையின் பின்வரும் சொற்களை நிரல் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றது. கோட்டில் தொடங்குவது கொடி, மற்றையது பெயர். சில கொடிகள் தனித்து நிற்பன; சில தமக்குப் பின் ஓர் எண்ணையோ சொல்லையோ வேண்டுவன. கோப்பின் பெயரே கோட்டில் தொடங்கினால் என் செய்வது? அதற்கு முன்னே இரு கோடுகளை மட்டும் தனியே இடவேண்டும்; அதற்குப் பின் வருவன யாவும் பெயர்களே என்பது விதி. இத்தகைய விதிகள் 'பொசிக்ஸ்' என்னும் பொது நியமத்தில் வகுக்கப்பட்டுள்ளன. 'கெட்ஒப்ட்' போன்ற ஆயத்த நிரற்கூறுகளும் உண்டு. ஒவ்வொருவரும் புதிதாய் எழுதவேண்டியதில்லை.

யாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுளது. தெரியாத கொடி வந்தால், கருவி அதனைப் பாராததுபோல் அப்பாற் செல்லல் ஆகாது. பிழையென அறிவித்து வேலையைத் தொடங்காமலே நிற்றல் வேண்டும். 'முன்னே கேள்' என்று எழுத எண்ணியவர் எழுத்தைப் பிழைத்துவிட்டால், அதனைப் புறக்கணிக்கும் கருவி கேளாமலே அழித்துவிடும் அன்றோ? அவரோ கேட்கும் என்று நம்பியிருப்பார்.

பயன்படுத்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. அழித்தற்கும் மாற்றுதற்கும் உரிய கட்டளைகளை இடுமுன் அவற்றின் விளக்கப் பக்கத்தை ஒருமுறை வாசித்தல் வேண்டும். இட்ட கொடிக்கு மட்டுமன்று, இடாத கொடிக்கும் பொருள் உண்டு என்பதை எங்கள் பாடசாலை மூன்று நாள் உழைத்துக் கற்றுக்கொண்டது. அவ்வாசிரியர் இப்பொழுது 'ஐ' இன்றி எதனையும் பிரதி செய்வதில்லை.