தொய்யாத தார்ப்பாய்

ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ மரத்தடியில் வலை ஊஞ்சல் கட்டி, மேலே தார்ப்பாய் விரித்து, மழை பெய்யப் பெய்யப் படுத்துக் கிடக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டிப் பார்க்கலாம். பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே பரீட்சை வைத்துவிடும். கட்டிய அன்று தார்ப்பாய் மத்தளம் மாதிரி விறைப்பாக இருக்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் தொப்பை விழுந்து, அதில் ஒரு குடம் தண்ணீர் நிற்கும்.

அந்தத் தொப்பையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை விழுந்தால் அது 10 லிட்டர், அதாவது 10 கிலோ. பன்னிரண்டுக்குப் பத்தடி தார்ப்பாய் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். 1 செ.மீ. மழை வடியாமல் நின்றாலே 110 கிலோ பாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி மழையை எந்தக் கயிறும் தாங்கிப் பிடிக்காது. உடனுக்குடன் வழிந்து ஓட வைப்பது ஒன்றுதான் வழி. ஆகவே இழுத்துக் கட்டுவதற்கு முன்னால் சரிவைக் கவனியுங்கள். நடுவில் முகடு, இரு பக்கமும் இறக்கம். பக்கத்துக்கு ஐந்தடி துணி இருந்தால் இரண்டடியாவது இறங்க வேண்டும். நாலு மூலையையும் ஒரே உயரத்தில் பந்தல் போலக் கட்டினால் தொப்பை விழுந்தே தீரும்.

முகட்டுக்குத் தனியாக ஒரு கயிறு கட்டுங்கள். தார்ப்பாயின் கண்ணிகளிலேயே கயிற்றைக் கோத்து இழுத்தால் பாரம் முழுவதும் இரண்டு அலுமினிய வளையங்களின் தலையில் விழும். ஒரே மழையில் பிய்ந்துவிடும். தனிக்கயிற்றின் மேல் தார்ப்பாயைப் போட்டு, அதன் இரு முனைகளையும் நகரும் முடிச்சால் அந்தக் கயிற்றோடு பிணைக்க வேண்டும். மலையேறுபவர்கள் இதை ப்ரூசிக் முடிச்சு என்பார்கள். மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் செய்து, அதை முகட்டுக் கயிற்றின் மேல் வைத்து, வளையத்துக்குள்ளேயே அதன் மறுபாதியை மூன்று முறை விட்டுச் சுற்றி இழுத்தால் முடிந்தது. பாரம் விழுந்தால் கவ்விக்கொள்ளும். பாரத்தை எடுத்துவிட்டுத் தள்ளினால் நகரும். துணி தொய்ந்தால் எதையும் அவிழ்க்காமல், முடிச்சை இரண்டு அங்குலம் தள்ளிவிட்டால் போதும்.

துணி ஏன் தொய்கிறது? குற்றவாளி பெரும்பாலும் கயிறுதான். நைலான் கயிறு ஈரம் குடித்தால் நீளும். பருத்தியும் சணலும் நேர்மாறு. நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். பாலியெஸ்டர் கயிறு ஈரத்தில் அவ்வளவாக மாறாது. ஹார்டுவேர் கடையில் பளபளவென்று இருக்கிறதே என்று நைலானை வாங்கி வராதீர்கள். புதுக் கயிறானால் முடிச்சுகளும் முதல் பாரத்தில் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதனால் கட்டி அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை இழுத்துவிடுவது நல்லது.

இழுப்பதற்குக் கைப்பலம் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் நிற்கும் சரக்கு லாரியைப் பாருங்கள். தார்ப்பாயிலிருந்து தொங்கும் கயிற்றின் நடுவில் கிளீனர் ஒரு சுருக்கு வளையம் போடுவார். நுனியைக் கீழே கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விட்டு, மறுபடி கீழே இழுப்பார். கணக்குப்படி இது மூன்று மடங்கு இழுவிசை தரும். உராய்வில் பாதி போனாலும் ஒன்றரை மடங்கு மிஞ்சும். பக்கக் கயிறுகளுக்கு இந்த முடிச்சுக்கு ஈடே இல்லை.

ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் காற்று ஒரு தரம் தூக்கிப் போட்டால் கயிற்றுக்கோ கண்ணிக்கோ சேதம்தான். அதனால் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வளையங்களாக நறுக்கி, கண்ணிக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டுங்கள். காற்று தூக்கும்போது ரப்பர் நீளும், விட்டதும் திரும்ப இழுத்துக்கொள்ளும். கயிறு நீண்டாலும் அந்தத் தொய்வை ரப்பரே வாங்கிக்கொள்ளும். இந்தச் செலவில்லாத வேலையைச் செய்கிறவர்கள் குறைவு. ரப்பருக்கு இணையாகச் சற்றுத் தளர்வான ஒரு கயிறும் இருக்கட்டும். வெயிலில் காய்ந்து ரப்பர் அறுந்தாலும் தார்ப்பாய் பறக்காது.

கண்ணி ஏற்கெனவே பிய்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். துணிக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, துணியோடு சேர்த்துக் கழுத்தைக் கயிற்றால் கட்டி இழுத்தால் புதுக் கண்ணியைவிட உறுதியாக நிற்கும். ஜல்லி வேண்டாம், கிழித்துவிடும்.

ஊஞ்சல் விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். 60 கிலோ உள்ள ஒருவர் படுத்திருக்கும்போது ஊஞ்சல் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இறங்கியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ இழுக்கும். அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாகக் கட்டி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 170 கிலோவைத் தாண்டும், அதுவும் கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டில். கைப்பிடிச் சுவரும் தனியாக நிற்கும் செங்கல் தூணும் அந்த இழுப்புக்காகக் கட்டப்பட்டவை அல்ல, சாய்ந்துவிடும். கான்கிரீட் தூணில் மட்டும் கட்டுங்கள். தார்ப்பாய் விறைப்பாகவும், ஊஞ்சல் தொங்கலாகவும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பிவிசி குழாயில் எதையும் கட்டாதீர்கள். மின்கம்பி, கேபிள் ஒயர் பக்கமே போக வேண்டாம்.

தார்ப்பாயை நன்றாகக் கட்டியும் ஊஞ்சல் நனைகிறதென்றால், கயிறு வழியாகத் தண்ணீர் இறங்கி வருகிறது என்று பொருள். தார்ப்பாயின் விளிம்புக்கு உள்ளே, ஊஞ்சல் கயிற்றில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வருகிற நீர் அதில் சொட்டிவிடும்.

காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுவது நல்லது. இந்தப் பருவத்தில் அது பெரும்பாலும் வடகிழக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்: மணிக்கு 40 கி.மீ. காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல், 80 கி.மீ. என்றால் 30 கிலோ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று 100 கி.மீ.க்கு மேல் வீசியது. அதற்குத் தாங்கும் முடிச்சு எதுவும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் தார்ப்பாயை அவிழ்த்து, மடித்து, வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.