சிவப்புக் கண் ரோபோவும் ரத்தான ரேஷன் அட்டையும்

2023 மே மாத இறுதியில் ஒரே வாக்கியத்தில் ஓர் அறிக்கை வந்தது. கொள்ளைநோய், அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்கு நிகராக, செயற்கை நுண்ணறிவால் (ஏ.ஐ.) மனித இனம் அழிந்துபோகும் ஆபத்தையும் உலகம் கவனிக்க வேண்டும் என்றது அது. ஏ.ஐ. அறிஞர் ஜெஃப்ரி ஹிண்டன், ஏ.ஐ. நிறுவனத் தலைவர் சாம் ஆல்ட்மன் போன்றோர் கையெழுத்திட்டிருந்ததால் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. இத்தகைய செய்திகளோடு வழக்கமாக வரும் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கண் சிவந்த உலோக ரோபோ.

அறிஞர்களின் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சற்றே பயந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ரோபோ வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரோபோ வராமலே தெலங்கானாவில் அடுப்பு அணைந்தது. ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் அரசின் பல பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, வசதியானவர் யார் என்று கணிக்கிறது. பெயர் ஒத்துப்போனால் யாருடைய காரோ ஓர் ஏழையின் கணக்கில் ஏறிவிடும். உணவு மானியம் நின்றுவிடும். நேரில் போய் விசாரிக்காமல் கணினியை நம்பி ரத்து செய்த ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகளைக் களத்தில் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏ.ஐ. ஆபத்து என்றதும் நம்மில் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வருகிறது?

பரவலாகப் பேசப்பட்ட ஆபத்தும் உண்டு. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிய போலிக் காணொளி பரவியது. ‘டீப்ஃபேக்’ என்ற சொல் நம் ஊர்ப் பேச்சுக்குள் வந்ததற்கு அந்தச் செய்தி பெரிய காரணம். ஊடகங்கள் செய்த நல்ல வேலை அது. ஆனால் அந்தக் காணொளியால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். காணொளியில் இருந்த உடல் பிரிட்டனில் வாழும் வேறொரு பெண்ணுடையது. நடிகையின் பெயருக்கு முன்னால் அவர் கரைந்துபோனார். பிரபலங்களுக்கு நேரும் தொல்லை இது என்ற எண்ணமே பலரிடம் மிஞ்சியது. கல்லூரி விழாப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்ட பெண்ணுக்கும் இது நேரலாம். அவளுக்காக எந்த அமைச்சரும் பேட்டி கொடுக்க மாட்டார்.

அவளுக்கும் சட்டம் உண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்க மீறலுக்கு 66இ, ஆபாசப் பரப்பலுக்கு 67, 67ஏ. உருமாற்றிய படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சொல்லின. பதறிப்போய் முதலில் அழித்துவிடாதீர்கள். இணைப்பு, ஸ்கிரீன்ஷாட், பார்த்த நேரம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றத்துக்கான தேசியப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

முகத்தைப் போலவே குரலையும் போலியாக்க முடியும். மகன் குரலில் போன் வந்து, அவசரமாகப் பணம் கேட்டால் வைத்துவிட்டு அவனுடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும், பிடிப்பது கடினம்.

உதவித்தொகையோ ரேஷனோ நின்றால், “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது” என்பதைப் பதிலாக ஏற்க வேண்டாம். ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி). எந்தப் பதிவேட்டை வைத்து என்னை நீக்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

இவ்வளவும் செய்தியின் கடைசிப் பத்தியில் அடங்கிவிடக்கூடியவை. தற்கொலைச் செய்தியின் அடியில் உதவி மைய எண்ணை அச்சிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. போலிக் காணொளிச் செய்தியின் அடியிலும் 1930 வேண்டும் என்று நீங்கள் படிக்கும் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ரோபோ படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் அதற்கு இடம் கிடைக்கும்.