சவரிமுத்துவின் புதுவீடு

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்று கேளுங்கள். "சவரிமுத்து அண்ணன், கொஞ்சம் நில்லுங்கோ" என்று ஒரு குரல். "சேவியர், ரோட்டுக்கு ஓடாதே" என்று இன்னொன்று. பெரியவருக்கும் சிறுவனுக்கும் ஒரே பெயர்தான்!

அந்தப் பெயர் முதலில் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. இன்றைய ஸ்பெயினின் வடக்கே, அன்று தனி அரசாக இருந்த நவாரில் ஒரு கோட்டை. பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிது. எச்சேபெர்ரி என்ற சொல் வாய்க்கு வாய் தேய்ந்து 'ஷாபியெர்' ஆனது. 1506இல் அங்கே பிறந்த பிரான்சிஸ், தாய்வழிக் கோட்டையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1542இல் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைப் பரதவரிடம் போனார். 1622இல் புனிதரானார். அந்தோனிமுத்து, சூசைமுத்து போல, தமிழில் சவேரியாரான அவர் பெயரிலும் நம் 'முத்து' ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிக் கரையிலிருந்து கொழும்புக்கு வியாபாரம் செய்ய வந்த பரதவரோடு அந்தப் பெயரும் இங்கே வந்தது.

எனக்குப் பெரிய அதிசயம் அதன் முதல் எழுத்துதான். பிரான்சிஸ் காலத்து ஸ்பானிய மொழியில் அது 'ஷ'. 'ஷ' என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே நாக்கை மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். காற்று தொண்டையருகே உரசி, கரகரத்த 'ஹ' ஆகிவிடும். ஸ்பானியர் வாயில் நடந்ததும் இதுதான். இன்று அவர்களுக்கு அவர் 'ஹவியேர்'. போர்த்துக்கேயர் 'ஷ'வை விடவில்லை. அவர்களிடம் கேட்ட தமிழர், தமிழில் அந்த ஒலி இல்லாததால் 'ச' என்றார்கள். ஆக, ஸ்பானிய மொழி கைவிட்ட ஒலிக்கு, சவரிமுத்துவின் சகரம் இன்றும் பக்கத்தில் நிற்கிறது. சேவியர் ஆங்கிலேயர் உச்சரிப்பு வழியாகப் பின்னால் வந்தது.

போர்த்துக்கேயக் கப்பலில் வந்தது பெயர் மட்டுமல்ல. யன்னல், அலுமாரி, மேசை, கதிரை எல்லாமே அவர்கள் சொற்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் புதிதாகக் குடிவந்த சேவியர் குடும்பம், மேசையை யன்னலோரம் தள்ளி, கதிரைகளைச் சுற்றிப் போட்டுவிட்டு, கதவில் பெயர்ப்பலகையை மாட்டுகிறது. அதிலும் 'புதுவீடு' என்றுதான் எழுதியிருக்கிறது.