புராதனச் சின்னங்களும் ஊர் மக்களின் பங்கும்

ஓர் ஊரில் சாலை அமைக்கிறோம், ஏரிக்கரையைப் பலப்படுத்துகிறோம், பள்ளிக்குக் கட்டடம் எழுப்புகிறோம். இவ்வேலைகளில் மக்கள் எவ்வளவு பங்கு கொண்டனர் என்று அளந்து சொல்லுவது எளிது. இத்தனை பேர் மண் சுமந்தனர், இவ்வளவு நன்கொடை சேர்ந்தது என்று கணக்குக் காட்டிவிடலாம். ஆனால் பழங்கோயில், கல்வெட்டு, நடுகல், ஈமக்குழி ஆகியவற்றைக் காக்கும் பணியில் மக்களின் பங்கை எங்ஙனம் மதிப்பிடுவது? தொடக்க விழாவிற்கு வந்தவர்களை எண்ணிவிட்டால் போதுமா? இவ்வினாவிற்கு விடை காணத் திருவண்ணாமலையின் அனுபவம் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

கேளாமல் எடுத்த முடிவு

அருணாசலேசுவரர் திருக்கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ளது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிவுற்ற கீழைக்கோபுரம் 217 அடி உயரமுடையது. கோயிற் சுவர்களிலே சோழர் காலத்திலிருந்து தொடரும் கல்வெட்டுகள் உள்ளன. நிலமும் விளக்கும் அளித்தோரின் செய்திகள் அவற்றில் பதிந்துள்ளன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இக்கல்வெட்டுகளை 1990-இல் நூலாக வெளியிட்டது.

2002-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்துத் தன் பாதுகாப்பில் கொள்ள முற்பட்டது. கல்லும் எழுத்தும் சிதையாமற் காக்கும் நோக்கம் தவறானதன்று. ஆயினும் ஊரிலே கடும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் அவ்வறிவிப்பு கைவிடப்பட்டது. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்திலேயே நீடிக்கிறது.

எதிர்ப்புக்குக் காரணம் என்ன? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பலாகாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும் என்றும் 1992-ஆம் ஆண்டின் அறிவிக்கை விதித்திருந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வீடும் கடையும் உடையவர்களை இவ்விதி நேரே தொடும். திருப்பணியையும் வழிபாட்டையும் பற்றி இனி முடிவு செய்பவர் யார் என்ற கவலையும் உடன் எழுந்தது.

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், இத்தகைய அறிவிப்புக்கு முன் இரண்டு மாத அவகாசம் தந்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்கிறது. சின்னத்தின் அருகே அறிவிக்கையை ஒட்டவும் வேண்டும். சட்டத்திற்கு இவ்வளவு போதும். ஊரின் நம்பிக்கையைப் பெற இது போதாது. ஒட்டிய தாளைப் படித்தவர் எத்தனை பேர்? அதன் பொருளை எடுத்துரைத்தவர் யார்? இவ்வினாக்களே நமது மதிப்பீட்டின் தொடக்கமாகும்.

அமெரிக்க நாட்டுச் செரி ஆர்ன்ஸ்டீன் என்னும் அம்மையார் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளுள்ள ஏணியாக விளக்கினார். செய்தி சொல்லுவது ஒரு படி. கருத்துக் கேட்பது அடுத்த படி. முடிவு செய்யும் அதிகாரத்தைப் பகிர்ந்து கொள்ளுவது அவற்றிற்கும் மேற்பட்ட படி. கீழ்ப்படியில் நின்றுகொண்டு உச்சியை அடைந்துவிட்டதாக அறிக்கை எழுதுதல் தகாது.

ஊரார் காத்த கற்கள்

இதே மாவட்டத்தின் செங்கம் வட்டாரம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே ஆநிரை காத்து மடிந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் பல உள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றை ஆராய்ந்து 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனுடன் நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் அது பெயர் சொல்லிப் போற்றுகிறது.

இக்கற்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு ஊராரும் காரணமாவர். அவர்கள் பல கற்களை வேடியப்பன் என வணங்கி வந்தனர். ஆனால் வட்டெழுத்தைப் படிக்க அறிஞர் வரவேண்டியிருந்தது. வழிபாடு கல்லைக் காத்தது. ஆராய்ச்சி அதன் பெயரை மீட்டது. இவ்விரண்டும் கை கோத்தாலன்றிப் பணி நிறைவு பெறாது. பக்தியால் சிமெண்டும் வண்ணமும் பூசினால் எழுத்து மறையும். ஆராய்ச்சிக்கெனக் கேளாமற் பெயர்த்தால் ஊரின் மனம் புண்படும்.

மதிப்பிட நான்கு கேள்விகள்

ஒரு திட்டம் முடிந்ததும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பார்த்தல் நலம்.

முதலாவது: முடிவு எடுப்பதற்கு முன் ஊரைக் கேட்டார்களா, பின் அறிவித்தார்களா?

இரண்டாவது: கேட்கப்பட்டவர் யார்? நிலக்கிழாரும் தர்மகர்த்தாவும் மட்டுமா? குத்தகைக்காரர், கூலியாட்கள், பெண்கள், சிறு கடைக்காரர் ஆகியோரும் பேசினரா?

மூன்றாவது: கண்டெடுத்தவருக்கு நட்டம் நேர்ந்ததா? உழும்போது பொற்காசோ சிலையோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம். அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ளும்போது, பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அச்சட்டம் வழி செய்கிறது. இதனை அறியாத விவசாயி அஞ்சி மறைப்பார். அப்பொருளோடு அதன் வரலாறும் மறையும்.

நான்காவது: அதிகாரிகள் திரும்பிச் சென்றபின் அச்சின்னத்தைக் கவனிப்பவர் யார்? கண்ட செய்திகளின் படி ஒன்றேனும் ஊரில் உள்ளதா?

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஊர் எல்லையிலுள்ள நடுகல், கல்வட்டம், பழைய மதகு, கல்வெட்டு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிப் புகைப்படத்துடன் வைக்கலாம். இருக்கும் இடத்தையும் ஊரார் வழங்கும் பெயரையும் முதியோர் சொல்லும் செய்தியையும் உடன் குறிக்க வேண்டும். அப்பதிவேட்டைக் கிராம சபையில் ஆண்டுக்கொரு முறை படிப்பது சிறப்பு. புதிதாக ஏதேனும் கிடைத்தால் இடம் பெயர்க்காமலும் தேய்த்துக் கழுவாமலும் கிராம நிர்வாக அலுவலர் வாயிலாக வட்டாட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் கல்வட்டங்களோடு கூடிய ஈமக்காட்டை மாநிலத் தொல்லியல் துறை 2023-இல் அகழத் தொடங்கியது. அத்தகைய கற்கள் வேறு வயல்களிலும் இருக்கக்கூடும். சாலைக்கு ஜல்லி வேண்டும் என்று அவற்றை உடைத்துவிட்டால் மீண்டும் பெற இயலாது.

அதிகாரிகளுக்கும் ஒன்று கூறுவோம். ஊரைக் கேட்பதனால் பணி தாமதமாகும் என்று எண்ண வேண்டா. கேளாமல் எடுத்த முடிவு நீதிமன்றத்தில் கழித்த காலம் அதனினும் நீண்டது என்பதைத் திருவண்ணாமலை காட்டிவிட்டது. திட்டத்தின் வரைவைக் கிராம சபையில் படித்துக் காட்டி, எழும் ஆட்சேபங்களுக்கு எழுத்தில் விடை தந்து, அதன்பின் மண்வெட்டியை எடுப்பதே முறையாகும்.