அப்பப்பா என்ன வருத்தத்தில் மோசம் போனவர்?

இரத்தப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னவுடன் வீட்டுக்காரர் கேட்பது, "இது பரம்பரையோ?" என்றுதான். பெரும்பாலும் இல்லை. பிறந்த பிறகு கலங்கள் பிரியும்போது நேரும் பிழையால் வருவதே அநேகம். அது பிள்ளைக்குப் போகாது. ஆனாலும் சில குடும்பங்களில் தகப்பன், மகள், பேரன் என்று இறங்கி வருவது உண்மை.

அவற்றில் நன்கு அறியப்பட்டது, 21ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ரன்எக்ஸ்-1 என்ற பரம்பரையலகின் பழுது. 1999இல் 6 குடும்பங்களை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 வீத வாய்ப்பு. ஆகவே சொந்த மச்சானைக் கட்டியதால் வந்தது என்று பழி சொல்வது இங்கே பொருந்தாது. (பன்கோனி இரத்தச்சோகை வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் இரு பக்கமும் பழுது வேண்டும்; நெருங்கிய சொந்தம் அங்கே ஆபத்தைக் கூட்டும். அதுவும் இரத்தப் புற்றுநோயில் போய் முடியக்கூடியது.)

ரன்எக்ஸ்-1 பழுதுள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. முன்கூட்டியே தெரியும் அடையாளம் சின்னது: டெங்குக் காலத்தில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த அதே பிளேட்லெட் குறைந்திருக்கும், அல்லது சரியாக வேலை செய்யாது. இலேசாக அடிபட்டாலும் கன்றும், பல்லுப் பிடுங்கினால் இரத்தம் நில்லாது, மாதவிடாய் அளவுமிஞ்சிப் போகும். இதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் "அவையின்ர குடும்பமே அப்பிடித்தான்" என்று நாங்கள் சாதாரணமாக விட்டுவிடுகிறோமே, அதைத்தான் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை சிகிச்சைக்கும் வேண்டும். என்பு மச்சை மாற்றுவதென்றால் முதலில் தேடுவது கூடப்பிறந்தவர்களை. சுகமாகத் திரியும் அண்ணனிடமும் அதே பழுது இருந்தால், தம்பியின் நோய்க்குக் காரணமான பழுதையே திரும்ப ஏற்றியதாகிவிடும். குடும்பக் கதை தெரிந்தால்தான் கொடுப்பவரையும் சோதிக்க வேண்டும் என்ற யோசனையே வரும்.

கிளிநொச்சியின் கண்டாவளையில் அந்தக் கதையைக் கேட்டெடுப்பதே பாடு. 2009 யுத்த இடப்பெயர்வில் உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் கிளினிக் கொப்பியையா காவியிருப்பார்கள்? விபரம் தெரிந்த பெரியம்மா இப்போது கனடாவில் இருக்கக்கூடும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகம ஆஸ்பத்திரிக்கோ துண்டு எழுதித் தரும் நாள்வரை காத்திராமல் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். யார், எந்த வயதில், என்ன வருத்தத்தில் என்று மூன்று தலைமுறையையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.