கல்யாணம் ஆனா இனிஷியலை மாத்தியே ஆகணுமா?

கீழ்வேளூரில் பிறந்து திருவாரூருக்கு வாக்கப்பட்டுப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் அவர் ஆர்.கவிதா. 'ஆர்' என்பது அப்பா ராஜேந்திரன். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டு மொய் நோட்டில் தொடங்கி பேங்க் பாஸ்புக் வரை எஸ்.கவிதா. 'எஸ்' என்பது கணவர் செந்தில். ஆள் ஒருத்தர்தான், ஆனா ஆவணங்களில் ரெண்டு பேர்!

வட இந்தியா மாதிரி நமக்குக் குடும்பப் பெயர் பழக்கம் பெரிதாக இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லி தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த வால் மெல்ல மெல்லப் போனது. முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்துதான் இப்போ சிக்கல்.

சட்டப்படி மாத்தணுமா? வேண்டாம். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலோ, 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலோ மனைவி பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் பெயர் மாற்றத் தேவையில்லை என்று பிரதமர் மோடியும் 2017 ஏப்ரலில் சொன்னார். கிரீஸ் நாட்டில் 1983 முதல் பிறந்த பெயரே சட்டப்படி தொடர்கிறது. ஜப்பானில் நேர்மாறு: தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கணும். அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் உறுதி செய்தது.

இனிஷியல்னாலே ஆண் பெயர்தானா? எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எஸ்', வீணைக் கலைஞரான அவருடைய அம்மா சண்முகவடிவு. 1940-ல் சதாசிவத்தைக் கல்யாணம் செய்த பிறகும் அந்த எழுத்து மாறவில்லை. எம்.எல்.வசந்தகுமாரியின் 'எல்'லும் அம்மா லலிதாங்கிதான்.

விருப்பப்பட்டு மாற்றுபவர்கள் கணக்குப் போட்டு மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் ரெண்டு முறைதான் திருத்தலாம். அரசிதழில் வெளியிட்டால் வேலை சுலபம். பான் கார்டில் பெயர் மாறினாலும் எண் மாறாது. அதில் கணவர் பெயருக்கு இடமே இல்லை.

டெல்டாவில் வளைகுடா போகாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்லிடறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதனால டிக்கெட் போடும் முன், புதுப் பெயரா பழைய பெயரா என்பதை பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துக்கோங்க. அதில் இருக்கும் பெயரில்தான் டிக்கெட் எடுக்கணும்.